லைடன் தீவில் இல்லாத லைடன்

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த பின், சுற்றியிருந்த தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆனது. புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ட். வேலணையும் ஊர்காவற்றுறையும் சேர்ந்த பெருந்தீவு லைடன். இவற்றில் பல பழைய வரைபடங்களோடு போய்விட்டன. டெல்ஃப்ட் மட்டும் அரசாங்கத்தின் ஆங்கிலக் காகிதங்களில் இன்னும் நிற்கிறது. இந்தப் பெயர்களுள் யோசிக்க வைப்பது லைடன்தான். ஸ்பானியரின் முற்றுகையை 1574வரை தாக்குப்பிடித்த அந்த நகரத்துக்கு, மறுவருடமே ஒறேஞ் இளவரசர் வில்லியம் ஒரு பல்கலைக்கழகத்தைக் கொடுத்தார். வடநெதர்லாந்தின் முதற் பல்கலைக்கழகம் அது. வேலணைக்கு லைடன் என்று பெயரிட்ட நேரத்தில் அதற்கு எண்பது வயது கடந்திருந்தது. அறபு முதலிய கீழைத்தேய மொழிகளைப் படிப்பிக்க அங்கே பேராசிரியர்கள் இருந்தார்கள். பனையும் புகையிலையும் மீனும் உள்ள தீவுக்குப் பல்கலைக்கழகத்தின் பெயர் வந்தது, பல்கலைக்கழகம் வரவில்லை என்று குறைசொன்னால் அது சிறுபிள்ளைத்தனம். என் குறை வேறு. பல்கலைக்கழகம் வராவிட்டால் போகட்டும், அதற்குப் போகும் வழியாவது வந்ததா? தீவுப்பகுதியில் பள்ளிக்கூடம் நானூறு வருடமாக ஏதோ ஒரு வடிவில் இருந்துதான் வந்திருக்கிறது. ஆண்டவர்கள் மாறமாற அதன் பெயரும் பாடமும் மாறின. மாறாமல் இருந்தது ஒன்று: பள்ளிக்கூடத்துக்கு அடுத்த படி எப்போதும் கடலுக்கு அந்தப் பக்கத்திலேயே வைக்கப்பட்டது.

ஐரோப்பியக் கல்வி முறை என்று நாம் ஒரே மூச்சில் சொல்வது பல காலங்களில், பல தேவைகளுக்காக, துண்டு துண்டாக எழுந்த கட்டடம். ஆரம்பப் பள்ளி, இடைநிலைப் பள்ளி, பல்கலைக்கழகம் என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய தேசிய முறை பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளின் வேலை. பிரஷ்யாவின் நாட்டுப்புறப் பள்ளிச் சட்டம் 1763ஆம் ஆண்டுக்குரியது, நெதர்லாந்து முழுவதற்கும் பரிசோதகர்களை வைத்த சட்டம் 1806இல் வந்தது, பிரான்ஸில் கீஸோவின் சட்டம் 1833இல், ஜூல் ஃபெரியின் சட்டங்கள் 1881, 1882இல், இங்கிலாந்தில் 1870இல். அதற்கு முன்பு அங்கேயே இருந்தது ஓர் ஏணியல்ல, இரண்டு. குடியானவன் பிள்ளைக்கு ஊர்ப் பள்ளி: எழுத்து, செபம், வினாவிடை, கொஞ்சம் கணக்கு, அத்தோடு முடிந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு லத்தீன் பள்ளி; அங்கிருந்து நேரே பல்கலைக்கழகம். கடல் தாண்டி வந்தவர்கள் இரண்டில் எதைக் கப்பலில் ஏற்றினார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. யாழ்ப்பாணத்தில் இதைப் பற்றிய பேச்சு வேறு தடத்தில் போய்விட்டது. வெள்ளைக்காரன் வந்துதான் படிப்பு வந்தது என்பார் ஒருவர். அதற்கு முதலே திண்ணைதோறும் பள்ளிக்கூடம் இருந்தது என்பார் மற்றவர். இருவரும் பள்ளிக்கூடங்களை எண்ணுகிறார்கள். அவற்றின் மேல்வாசல் எந்தப் பக்கம் திறந்தது என்று இருவருமே பார்ப்பதில்லை.

திண்ணைப் பள்ளிக்கும் ஒரு மேல்வாசல் இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். விசயதசமியில் ஏடு தொடக்கிய பிள்ளை மணலில் விரலால் அரிவரி எழுதும். பிறகு எண்சுவடி, நீதிநூல்கள், நிகண்டு. ஓலையை வாரி எழுத்தாணி பிடிக்கும் அளவுக்கு வந்த பின், விருப்பமும் வசதியும் உள்ளவன் ஒரு புலவரைத் தேடிப் போய் இலக்கணமும் புராணமும் கேட்பான். இதற்கு அதிகாரிகளும் இல்லை, பரீட்சையும் இல்லை. சாதியும் ஆண்பிள்ளை என்பதும்தான் நுழைவுச்சீட்டு. அந்தக் குறையை மறைத்துவிட்டு இந்த முறையைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் திண்ணைச் சட்டம்பியாரிடமிருந்து புலவரிடம் போகக் கப்பலேற வேண்டியிருக்கவில்லை. யாழ்ப்பாணத் தமிழில் ஐரோப்பியர் விட்டுப்போன சொற்களைப் பார்த்தால் ஒரு விசயம் புலப்படும். கதிரை, அலுமாரி, பேனை போர்த்துக்கேயம். கந்தோர், லாச்சி ஒல்லாந்தம். காணியும் ஆளும் பதியப்பட்ட தோம்பும் பறங்கியர் வழி வந்ததே. வகுப்பறையின் தளபாடமும் கந்தோரின் பதிவேடும் ஐரோப்பியச் சொல்லால் வழங்க, படிப்பிப்பவர் சட்டம்பியாராகவும் உபாத்தியாயராகவும், இடம் பள்ளிக்கூடமாகவும் நின்றுவிட்டன. சிங்களத்தில் பள்ளிக்கூடத்துக்கே ‘இஸ்கோலய’ என்று ஐரோப்பியச் சொல் குடியேறியது. சொற்களை மட்டும் வைத்து வரலாறு எழுதக் கூடாதுதான். ஆனால் எது ஆழமாக ஊன்றியது, எது மேலோடு நின்றது என்பதற்கு அவை மோசமான சாட்சிகளல்ல.

போர்த்துக்கேயர் காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்த பின் பிரான்சிஸ்கன் சபையாரும் யேசு சபையாரும் ஊர்களைப் பங்குகளாகப் பிரித்துக்கொண்டார்கள். கோயிலோடு ஒரு கொட்டில், அதில் செபமும் எழுத்தும். யேசு சபைக்கு 1599இல் அச்சேறிய விரிவான பாடத்திட்டம் ஒன்று இருந்தது. இலக்கணம், இலக்கியம், சொல்லணி, மெய்யியல், இறையியல் என்று வகுப்புவகுப்பாக ஏறும் திட்டம். ஐரோப்பாவின் பிற்கால இடைநிலைப் பள்ளிகளுக்கு அதுவே ஓர் அச்சு. அந்தத் திட்டம் ஆசியாவில் முழுமையாக ஓடிய இடம் கோவாவின் புனித பவுல் கல்லூரி. ஊர்காவற்றுறைக்கு வந்தது அதன் வாசற்படி மட்டுமே. துறைமுகத்துக்கு ‘கைஸ்’ என்று, அதாவது கப்பல் அணையும் துறை என்று, அவர்கள் வைத்த பெயர்தான் பின்னால் கைற்ஸ் ஆயிற்று. ஊரை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அந்தப் பெயரே போதும்.

ஒல்லாந்தர் கதைதான் வளமானது. அதில் சற்று நின்று பார்க்க வேண்டும். அவர்களோடு வந்த குருவானவர் பிலிப்பு பல்தேயு, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1632இல் பிறந்தவர். 1665வரை யாழ்ப்பாணத்தில் இருந்தார். 1672இல் அம்ஸ்டர்டாமில் வெளிவந்த அவருடைய பெருநூல் யாழ்ப்பாணக் கோயில்களை ஒவ்வொன்றாக எடுத்து, கட்டடம் எப்படி, பள்ளிப்பிள்ளைகள் எத்தனை என்று கணக்குச் சொல்லிக்கொண்டே போகிறது. தமிழ் நெடுங்கணக்கையும் அச்சிட்டுக் காட்டுகிறது. போர்த்துக்கேயரின் பங்கு அமைப்பை ஒல்லாந்தர் இடிக்கவில்லை. கத்தோலிக்கத்தை எடுத்துவிட்டுச் சீர்திருத்தச் சபையை வைத்தார்கள், அவ்வளவுதான். 1618, 1619இல் டோர்ட்ரெக்ட் நகரில் கூடிய அவர்களுடைய திருச்சபைப் பேரவை, வீடும் பள்ளியும் கோயிலும் மூன்றும் சேர்ந்து பிள்ளைக்கு வேதம் கற்பிக்க வேண்டும் என்றும், ஏழைப் பிள்ளைக்குக் காசில்லாமல் படிப்பிக்க வேண்டும் என்றும் தீர்மானித்திருந்தது. அந்தத் தீர்மானத்தைக் கிழக்கிந்தியக் கும்பனி தன் வசதிக்கேற்ப யாழ்ப்பாணத்தில் நடைமுறைப்படுத்தியது. பங்குக்கு ஒரு பள்ளி. பள்ளிக்கு ஊர் உபாத்தியாயர்கள். மேலே கண்காணிக்கக் குருமாரும் அதிகாரிகளும் கலந்த பாடசாலைச் சபை. அந்தச் சபையின் ஆட்கள் ஊர்ஊராக வந்து பார்வையிடும் ஏற்பாடு. பிள்ளை வராவிட்டால் தாய்தகப்பனுக்குக் குற்றப்பணம். பள்ளியிலிருந்து விடுவிக்கப்பட்ட பிறகும் பெடியங்கள் சில வருடங்களுக்கு வந்து வினாவிடையை ஒப்புவிக்க வேண்டும்.

அந்த உபாத்தியாயரின் மேசையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முழு அமைப்பின் நோக்கமும் அதன்மேல் கிடந்தது. அவர் கையில் பள்ளித் தோம்பு. அதில் இருப்பது பிள்ளையின் பாட முன்னேற்றம் அன்று; குடும்பம் குடும்பமாகப் பெயர், தாய்தகப்பன், ஞானஸ்நானம், விவாகம். கலியாணம் செய்ய வருபவர்கள் கற்பனைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் சொல்லக்கூடியவர்களா என்று பார்ப்பவரும் அவரே. அரச உத்தியோகம் வேண்டுமா, ஞானஸ்நானம் வேண்டும். ஞானஸ்நானம் வேண்டுமா, உபாத்தியாயரின் ஏட்டில் பெயர் ஏற வேண்டும். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, காணி விற்க நினைப்பவன் அதை அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் அறிவிக்க வேண்டும் என்கிறது. கோயிலும் பள்ளியும் ஒரே கூரை. ஆகவே நெடுந்தீவின் முருகைக்கல் வேலிக்குள் இருந்த ஒரு குடியானவனுக்குப் பள்ளிக்கூடம் என்றால் பிறப்பு, விவாகம், காணி மூன்றும் பதியப்படும் கந்தோர். அதன் ஓரத்தில் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். பதிவு செய்வதில் ஒல்லாந்தர் கெட்டிக்காரர். அவர்களுடைய அமைப்பு யாழ்ப்பாணத்தாரை எண்ணுவதற்குக் கட்டப்பட்டது; எழுத்தறிவு அந்த எண்ணிக்கையின் கைம்மாறு.

இங்கே ஒரு காலக்கணக்கு வேடிக்கையாக இருக்கிறது. நெதர்லாந்து தன் சொந்தப் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பள்ளிக்கு அனுப்பச் சட்டம் செய்தது 1900இல். நடைமுறைக்கு வந்தது 1901இல். பாராளுமன்றத்தில் 50க்கு 49 என்ற ஒரே வாக்கால் அது தப்பியது. எதிர்த்து வாக்களிக்க இருந்த உறுப்பினர் ஒருவர் குதிரையிலிருந்து விழுந்து வரமுடியாமல் போனதால் நிறைவேறியது என்பது அந்த நாட்டில் பிரசித்தமான கதை. காட்டுக்குதிரைகளுக்குப் பெயர்போன நெடுந்தீவில் இதைச் சொன்னால் ரசிப்பார்கள். டெல்ஃப்ட் நகரத்துத் தகப்பன் பிள்ளையை மறித்து வைத்தால் கேட்க நாட்டுச் சட்டம் இல்லாத காலத்தில், டெல்ஃப்ட் தீவு அடங்கிய யாழ்ப்பாணப் பகுதியில் பிள்ளை வராவிட்டால் குற்றப்பணம் அறவிடப்பட்டது. தாய்நாட்டுக்கு இருநூறு வருடத்துக்கும் மேல் முந்திக் கட்டாயக் கல்வி பெற்ற தீவுகள் என்று பெருமைப்படலாமா? பெருமைப்படலாம், கட்டாயம் எதற்கு என்று கேட்காதவரை.

பள்ளியில் மதம்தானே படிப்பித்தார்கள், அதை ஒரு கல்வி முறையாக எடுத்து அலசுவது தவறு என்று ஒருவர் மறுக்கக்கூடும். அந்தக் காலத்து ஐரோப்பாவில் குடியானவனுக்கு எங்கேயும் வேறு படிப்பு இருக்கவில்லை என்பது அந்த மறுப்புக்கு வலுச்சேர்க்கும். ஆனால் ஸ்கொட்லாந்தைப் பார்த்தால் இந்த வாதம் தளர்கிறது. அதே கல்வினின் மதம், அதே பங்குப் பள்ளி, அதே வினாவிடை. 1696இல் அங்கே செய்த சட்டம் பங்குதோறும் பள்ளியும் உபாத்தியாயருக்குச் சம்பளமும் இருக்க வேண்டும் என்றது. வித்தியாசம் ஒன்றே ஒன்று: அந்த நாட்டுப் பங்கு உபாத்தியாயர்களில் பலர் பல்கலைக்கழகம் கண்டவர்கள்; கெட்டித்தனமான பெடியன் ஒருவன் அகப்பட்டால் அவனுக்கு லத்தீனும் சொல்லிக்கொடுத்தார்கள். பதினான்கு, பதினைந்து வயதில் அவன் ஊர்ப் பள்ளியிலிருந்து அபர்தீனுக்கோ சென் அன்ட்றூஸுக்கோ போகலாம். எல்லோரும் போனார்கள் என்பது பிற்காலத்தார் ஊதிப்பெருப்பித்த கதை. சிலர் போனார்கள், போக வழி இருந்தது என்பது உண்மை. ஒரே மதம், ஒரே பள்ளி வடிவம் ஓரிடத்தில் ஏணியாகவும் மற்ற இடத்தில் தோம்பாகவும் ஆயிற்று என்றால் காரணத்தை மதத்தில் தேட முடியாது. பங்குப் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் யார் எதை வைத்தார்கள், எதை வைக்காமல் விட்டார்கள் என்பதில்தான் தேட வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் நடுவில் வைத்ததும் கொஞ்சம் உண்டு. 1690இல் நல்லூரில் ஒரு குருமடம். 1696இல் கொழும்பில் மற்றொன்று. நல்லூர் மடம் நீண்டகாலம் நிலைக்கவில்லை. கொழும்பு மடமே கடைசிவரை ஓடியது. அங்கே ஒல்லாந்தத்தோடு லத்தீன், கிரேக்கம், எபிரேயம் எல்லாம் படிப்பித்தார்கள். தேறிய சிலரை லைடனுக்கும் உத்ரெக்துக்கும் அனுப்பினார்கள். கொழும்புச் செட்டிக் குடும்பத்தில் 1723இல் பிறந்த பிலிப்பு த மெல்லோ அந்த மடத்தின் விளைச்சல். நெதர்லாந்துக்குப் போகாமலே குருவாகி, யாழ்ப்பாணத்தில் பணிசெய்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து 1759இல் அச்சிட்டவர். ஒரு தமிழன் ஒல்லாந்த ஏணியில் எவ்வளவு தூரம் ஏறலாம் என்பதற்கு அவரே அளவுகோல். ஆனால் தீவுப் பள்ளிக்கும் அந்த மடத்துக்கும் இடையில் படிகள் இல்லை. பங்குப் பள்ளியில் படிப்பித்தது தமிழில் வினாவிடை. மடம் கேட்டது ஒல்லாந்தமும் லத்தீனும். நடுவில் ஒரு பள்ளி வேண்டும், அது இருக்கவில்லை. மடத்தின் வேலை உபாத்தியாயர்களையும் குருமாரையும் உண்டாக்கிக் கீழே அனுப்புவது. மேலிருந்து கீழே இறங்குவதற்கு மட்டும் செய்த ஏணி என்று சொன்னால் மிகையாகாது.

அதன் பலன் 1795இல் தெரிந்தது. அந்த வருடம் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்கு மாறியதும், தோம்பில் கிறிஸ்தவர்களாக இருந்தவர்கள் கூட்டங்கூட்டமாகச் சைவத்துக்கும் கத்தோலிக்கத்துக்கும் திரும்பினார்கள். ஆளுநர் பிரெடெரிக் நோர்த் பங்குப் பள்ளிகளை மறுபடி உயிர்ப்பிக்கப் பார்த்தார். இலண்டன் செலவைக் குறைக்கச் சொல்ல, 1803இல் உபாத்தியாயர்களின் சம்பளம் நின்றது. நூற்றைம்பது வருடக் கட்டாயம், சம்பளம் நின்றதும் சரிந்துபோயிற்று.

ஆங்கிலேயர் காலத்தில் கதை மிசன்களின் கைக்குப் போகிறது. அமெரிக்க மிசன் 1816இல் வந்தது. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி. ஐரோப்பியரல்லாத இந்த அமெரிக்கர்தான் நடுப்படியின் அருமையை முதலில் விளங்கிக்கொண்டவர்கள். ஊர்ப் பள்ளி, விடுதிப் பள்ளி, செமினரி என்று தொடர்ந்து ஏறும் அமைப்பு அது. தமிழும் ஆங்கிலமும், வானசாத்திரமும் கணிதமும். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் முதற் பட்டதாரிகளைக் கண்டபோது அந்த இருவரும், கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும், வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். ஆனால் அதற்கு இரண்டு வருடம் முந்தி, 1855இல், செமினரி மூடப்பட்டுவிட்டது. ஆங்கிலம் படித்தவர்கள் உத்தியோகத்துக்குப் போகிறார்கள், ஊழியத்துக்கு வருவதில்லை என்று மிசன் தலைமையகத்துக்குக் கவலை. ஏணி வேலை செய்ததே அதன் குற்றமாயிற்று. கத்தோலிக்கம் ஆழமாக வேரூன்றிய ஊர்காவற்றுறைப் பக்கம் அமலமரித் தியாகிகள் என்ற குருமார் சபையின் கையில் இருந்தது. யாழ்ப்பாணத்து ஆயராக இருந்த பொன்ஜீன், மதப் பள்ளிக்கே அரசாங்கம் பணம் கொடுக்க வேண்டும் என்று ஓயாமல் எழுதினார். கல்வியை ஆராய்ந்த மோர்கன் ஆணைக்குழுவின் அறிக்கைக்குப் பிறகு 1870 அளவில் அதுவே கொள்கையாயிற்று.

இந்த நன்கொடை முறை இங்கிலாந்தின் கல்வி அமைப்பை அச்சொட்டாகப் பெயர்த்து நட்டது. றொபட் லோ என்ற மந்திரி 1862இல் அங்கே கொண்டுவந்த விதி: பரிசோதகர் வருவார், பிள்ளை வாசித்து, எழுதி, கணக்குச் செய்து காட்டும், சித்தியடைந்த தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்குப் பணம். தீவில் பரிசோதகர் வருவதென்றால் வத்தை வர வேண்டும், காற்றுச் சாதகமாக இருக்க வேண்டும். அந்த ஒருநாளில் காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குப் பணமில்லை. இதைவிடப் பெரிய விளைவு வேறு. இங்கிலாந்தில் குடியானவனின் ஆரம்பப் பள்ளி ஒன்று, கனவானின் இலக்கணப் பள்ளி வேறொன்று என்று இருந்த இரட்டைப் பாதை, இங்கே மொழியின் பெயரில் இறங்கியது. தமிழ்ப் பள்ளியில் சம்பளம் இல்லை, படித்து முடித்தால் மிஞ்சிப்போனால் தமிழ் உபாத்தியாயர். ஆங்கிலப் பள்ளியில் மாதாமாதம் சம்பளம் கட்ட வேண்டும். அதன் முடிவில் 1880 முதல் கேம்பிரிட்ஜ் பரீட்சை, 1882 முதல் இலண்டன் மெற்றிகுலேசன், அதற்கப்பால் கந்தோர் உத்தியோகம். தீவுகளில் இருந்தவை பெரும்பாலும் முதல் வகை. இரண்டாம் வகைக்குப் பிள்ளையைப் பட்டினத்தில் விடுதியில் விட வேண்டும். கொழும்பிலும் தென்பகுதியிலும் கடை வைத்த புங்குடுதீவார், காரைநகரார், வேலணையார் அந்தச் செலவைத் தூக்கினார்கள். கடையில்லாதவன் பிள்ளை கடலுக்குப் போனது.

மிசன்கள் இல்லாவிட்டால் பெண்பிள்ளைக்கும் தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைக்கும் எழுத்து எப்போது வந்திருக்கும் என்ற கேள்விக்கு நான் ஒளிந்து போக விரும்பவில்லை. உடுவிலில் 1824இல் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியது. அதற்கு ஈடாக யாழ்ப்பாணத்துச் சமூகம் அன்று தானாக ஒன்றையும் செய்யவில்லை. நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலை சைவருக்குக் கிறிஸ்தவத்திலிருந்து விடுதலை கொடுத்தது, சாதியிலிருந்து கொடுக்கவில்லை. 1930 வாக்கில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக உட்கார வேண்டும் என்று அரசாங்கம் சொன்னபோது யாழ்ப்பாணத்தில் பள்ளிகளுக்குத் தீ வைக்கப்பட்டது. வைத்தவர்கள் ஐரோப்பியர் அல்லர். 1923இல் உருவான சைவ வித்தியாவிருத்திச் சங்கம், இந்துபோர்ட் இராசரத்தினத்தின் உழைப்பால் ஊர்ஊராகப் பள்ளிகளைத் திறந்தது, தீவுகளிலும்தான். இவை எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஒவ்வொரு முயற்சியும் கீழ்ப்படியையே அகலப்படுத்தியது. மிசன் ஒன்று திறந்தால் சங்கம் பக்கத்தில் இன்னொன்று திறந்தது. ஒரே தீவில் ஒரே உயரத்தில் இரண்டு மூன்று பள்ளிகள். ஒருவரை ஒருவர் மறிக்கக் கட்டிய பள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது.

இந்த வாதத்துக்கு எதிராக நீட்டக்கூடிய மிக உயர்ந்த உதாரணம் ஊர்காவற்றுறைக்காரர். 1913இல் கரம்பனில் பிறந்த தனிநாயகம் அடிகள். ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரி, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி, கொழும்புக் குருமடம், உரோமில் இறையியற் கலாநிதி, அண்ணாமலையில் தமிழ் முதுமாணி, பின் இலண்டன் பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் கலாநிதி. அந்த இலண்டன் ஆய்வின் பொருள் பழந்தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை. ஐரோப்பா கட்டிய ஏணியின் உச்சியில் நின்று, அந்த ஏணி வருமுன் தமிழர் கல்வியை என்னவென்று நினைத்தார்கள் என்று எழுதினார். போர்த்துக்கேய மிசனரி அந்தாந்தெ புரூவென்சாவின் 1679ஆம் ஆண்டுத் தமிழ் அகராதியை வத்திக்கான் நூலகத்திலிருந்து எடுத்து 1966இல் மறுபடி அச்சேற்றியவரும் அவரே. தீவிலிருந்து ஒருவர் இவ்வளவு ஏறியிருக்கிறாரே, பின் ஏணி இல்லை என்று எப்படிச் சொல்வது? ஏணி இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் ஏறிய ஏணி திருச்சபையினுடையது. ஒவ்வொரு படிக்கும் விடுதியும் சாப்பாடும் வழிச்செலவும் அதுவே கொடுத்தது. முதற்படியை விட்டு அவர் தீவைத் தாண்டியபோது வயது பத்தையொட்டியது. குருவாகப் போகாத, கடைக்காரன் மகனல்லாத கரம்பன் பிள்ளைக்கு அதே கெட்டித்தனம் இருந்திருந்தால் எந்த வத்தை காத்திருந்தது?

சுதந்திரத்துக்கு மூன்று வருடம் முன், 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. இந்த நீண்ட வரலாற்றில் நடுப்படியைத் தீவுக்குள்ளேயே வைக்க அரசாங்கம் முனைந்தது முதன்முறையாக அப்போதுதான். நாட்டுப்புறங்களில் மத்திய கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவ்வரிசையில் வேலணைக்கும் ஒன்று கிடைத்தது. இருந்தும் ஐரோப்பிய அச்சு முழுதாக விட்டுப்போகவில்லை. இங்கிலாந்து 1944ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பதினொரு வயதில் பிள்ளைகளைத் தரம்பிரிக்கத் தொடங்கியது. ஜேர்மனியில் பத்து வயதிலேயே பாதை பிரியும். நெதர்லாந்தில் இன்றும் பன்னிரண்டில். இங்கே பத்து வயதளவில் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில். ஏழைப் பிள்ளையை மத்திய கல்லூரிக்குக் கொண்டுபோகப் பிறந்த அந்தப் பரீட்சை, காலப்போக்கில் பட்டினத்துப் பெரிய பாடசாலைகளுக்குப் பிள்ளை பொறுக்கும் கருவியாகிவிட்டது. தீவில் யாராவது கூடிய புள்ளி எடுத்தால் அடுத்த தைமாதம் அந்தப் பிள்ளை அங்கே இல்லை; பிள்ளையோடு தாயும் யாழ்ப்பாணத்தில் வாடகை வீட்டில். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் மிசன் பள்ளியும் சங்கப் பள்ளியும் அரசாங்கத்துக்கு வந்தன. பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் அப்போதும் தனித்தனியே நின்றன. பிறகு போர். 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதிச் சனம் பெரும்பாலும் இடம்பெயர்ந்தது, திரும்பியவர்கள் குறைவு. கட்டடங்கள் பிள்ளைகளைவிட அதிகமாயின.

சின்னத் தீவுகள் எந்த நாட்டில்தான் முழுக் கல்வியை வைத்திருக்க முடியும் என்பது கடைசி மறுப்பு, நியாயமான மறுப்பும்கூட. ஐரோப்பாவின் சிறு தீவுகளிலும் பிள்ளைகள் கடல் தாண்டுகிறார்கள். ஷெட்லன்ட் தீவுக்கூட்டத்தின் ஓரத்தீவுப் பிள்ளைகள் உயர்வகுப்புக்கு லேர்விக் நகருக்குப் போய் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். ஆனால் அவர்கள் தங்கும் விடுதி உள்ளூராட்சியின் பொறுப்பு. பெற்றோரின் கடைவருமானத்தையோ திருச்சபையின் தயவையோ நம்பியதல்ல. நெதர்லாந்தின் வடகடலில் ஃப்லீலன்ட் என்று ஒரு தீவு. ஆயிரத்துச் சொச்சம் பேர். அங்கேயும் ஓர் இடைநிலைப் பள்ளி நடக்கிறது, நாட்டின் மிகச் சிறிய பள்ளிகளில் ஒன்று. ஆகவே மறுப்பின் முதற்பாதி சரி, முடிவு பிழை. நெடுந்தீவில் ஃப்லீலன்டைவிடச் சில மடங்கு சனம் இருக்கிறது. மகா வித்தியாலயமும் இருக்கிறது. அங்கே படிப்பிக்கப் போகும் ஆசிரியருக்கு அதை ‘அதிகஷ்டப் பிரதேசம்’ என்று திணைக்களம் வகுத்திருக்கிறது; குறிகட்டுவானில் படகேறி, காற்றுக்காலத்தில் நனைந்து போகும் அவருக்கு இடமாற்றத்தில் அந்தச் சேவை கணக்கில் வரும். அதே கடலைத் தினமும் பார்த்து வளர்ந்த பிள்ளை உயர்தரம் எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது விசயம் வேறு. மாவட்ட ஒதுக்கீட்டில் நெடுந்தீவும் யாழ் நகரமும் ஒரே அலகு. நகரத்தின் பெரிய கல்லூரியில் படித்து, பின்னேரம் ரியூசனுக்குச் சைக்கிளில் போன பிள்ளைக்கும் இந்தப் பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. ஆசிரியருக்கு உண்டு என்று ஏற்றுக்கொண்ட கஷ்டம் மாணவனின் விண்ணப்பத்தில் காணாமல் போகிறது. அந்த ஒதுக்கீட்டில் கணக்கில் வருவது மாவட்டம் மட்டுமே, அவன் எழுதுவது யாழ்ப்பாணம்.